தட்டு வாங்குகிறவர்களைப் பற்றி எழுதினீர்கள், வெட்டுகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வினைல் இசைத்தட்டுகள் மறுபடியும் விற்பனைக்கு வந்திருப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நன்றாக இருந்தது, படங்களும் அழகு. ஆனால் நடுவில், தட்டு தயாரிப்பது பெரிய ஆலைகளால் மட்டுமே முடிகிற காரியம் என்ற பொருளில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். வீட்டில் மேஜை மேல் ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு என்று ஒலியைப் பள்ளமாகத் தட்டில் தாங்களே வெட்டுகிற ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பொழுதுபோக்காகச் செய்பவர்கள். பல வருடமாக நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆலையில் தட்டை அச்சடிக்கிறார்கள். மூலத்தட்டு ஒன்றை வெட்டி, அதன் மேல் வெள்ளி பூசி, மின்முலாம் முறையில் நிக்கலைப் படியவைத்து உரித்தெடுத்து, அப்படிக் கிடைக்கிற உலோக அச்சால் சூடான பி.வி.சி.யை அழுத்தி நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். அங்கேயும் அந்த முதல் தட்டை ஒருவர் உட்கார்ந்து வெட்டியாக வேண்டும். நாங்கள் அந்த முதல் படியோடு நிறுத்திக்கொள்கிறோம், வெட்டிய தட்டையே நேராக டர்ன்டேபிளில் போட்டுக் கேட்கிறோம். 20 நிமிட இசை என்றால் வெட்டவும் 20 நிமிடம் உட்கார வேண்டும். பத்துத் தட்டு வேண்டுமென்றால் பத்துத் தடவை.

இந்த வேலைக்குள் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே இருப்பவர்களிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எங்களிடையே வழக்கம். நான் யார், என்னிடம் என்ன இயந்திரம் இருக்கிறது, எதற்காக வந்தேன் என்று நாலு வரி. நூற்றுக்கணக்கான அறிமுகங்களைப் படித்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை. ஒருவர் வானொலி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஸ்டோ நிறுவனம் அந்தக் காலத்தில் செய்த தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்று குப்பைக்குப் போகவிருந்தபோது தூக்கிவந்து பிரித்துப் போட்டிருக்கிறார். இன்னொருவர் பாட்டுக்காரர். ஆலைக்குப் போனால் நூற்றுக்கணக்கில் அடிக்கச் சொல்கிறார்கள், தனக்குத் தேவையோ இருபது. மூன்றாமவர் கடைசல் பட்டறையில் வேலை பார்ப்பவர், பாட்டில் பெரிய ஆர்வம்கூட இல்லை, ஆனால் ஒரு ஊசியை மைக்ரான் கணக்கில் அசையவைக்கிற சவால் அவரைப் பிடித்துக்கொண்டது. அப்புறம், இறந்துபோன அப்பாவின் குரல் போனில் இருக்கிறது, அதை எப்படியாவது ஒரு தட்டில் ஏற்ற வேண்டும் என்று வருகிறவர்கள். இவர்கள்தான் எனக்கு மிகவும் நெருக்கமானவர்கள். இவர்களில் பலர் முதல் வரியிலேயே மன்னிப்பு கேட்டுவிடுகிறார்கள்: என்னிடம் இன்னும் இயந்திரம் இல்லை, எனக்கு எதுவும் தெரியாது, தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

அந்த மன்னிப்பு எனக்கு உறுத்துகிறது. யாரும் தெரிந்துகொண்டு பிறக்கவில்லை, அதிலும் இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடமும் இல்லை. இசைத்தட்டு நிறுவனங்கள் பெரிதாக நடந்த காலத்தில் ஒரு மூத்தவர் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் பழைய எல்.பி. இருந்தால், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கிற வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்களோடு சில சமயம் ஓரிரு எழுத்துகளும் கீறியிருக்கும், பல தட்டுகளில் அது அந்த மூலத்தட்டை வெட்டியவரின் கையொப்பம். அட்டையில் அவர்கள் பெயர் வந்ததோ இல்லையோ, அந்தக் கீறல் இருக்கிறது. குறுந்தகடு வந்தபின் அந்தத் தலைமுறையில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் கையோடு பல நுணுக்கங்களும் போய்விட்டன. மிச்சம் இருப்பதைத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு முதல் வாசல் இந்த அறிமுகம்தான்.

அப்படி என்னதான் நுணுக்கம் என்று வாசகர்கள் கேட்கலாம். வெற்றுத்தட்டு சுழல்கிறது, ஒரு நீண்ட திருகு தண்டு, ஊசியைப் பிடித்திருக்கும் ஹெட்டை வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துகிறது, ஹெட்டுக்குள் இருக்கும் சுருளில் ஒலியின் மின்னோட்டம் பாய்ந்து ஊசியை அசைக்கிறது, ஊசி பள்ளம் வெட்டுகிறது. சொல்ல இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பள்ளம், சுருண்டு சுருண்டு உள்ளே போகிறது. அதன் அகலம் சுமார் 50 மைக்ரான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு, ஆழம் அதில் பாதி. கண்ணுக்குப் பிடிபடாது, மைக்ராஸ்கோப் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பேன். பக்கத்துப் பக்கத்துப் பள்ளங்கள் ஒன்றையொன்று தொட்டால் ஒலிக்கும்போது ஊசி தாவும், அதிகமாகத் தள்ளி வெட்டினால் தட்டில் இடம் போதாது.

அப்புறம் சமன்செய்தல். தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் ஊசி பக்கவாட்டில் அகலமாக ஆடி இடத்தை விழுங்கிவிடும். அதனால் வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுகிறோம். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கிச் சரிசெய்கிறது. 1954 முதல் இதற்கு, அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்ற பொது அளவுகோல் இருக்கிறது, அதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு கணக்கு. புதிதாக வருகிறவர்கள் பலரும் இதில்தான் முதலில் இடறுகிறார்கள். பாட்டை நேராக ஹெட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒலி கொழகொழவென்று வருகிறதே, உச்ச ஒலியைக் காணோமே என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குச் சிலர் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டே வரியில் பதில் சொல்லிவிட முடியும், அந்த இரண்டு வரி கிடைக்காமல் ஒருவர் இயந்திரத்தை மூட்டை கட்டிவிடக் கூடாது.

ஸ்டீரியோ என்றால் இன்னொரு தொல்லை. பள்ளத்தின் இரண்டு சுவர்களும் 45 பாகைச் சாய்வில் இருக்கும், ஒரு சுவரில் இடது பக்க ஒலி, மற்றதில் வலது பக்க ஒலி. இங்கிலாந்துப் பொறியாளர் ஆலன் பிளம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு எழுதிய யோசனை, ஆனால் கடைக்கு வர 1950களின் கடைசி ஆயிற்று. இடது, வலது இரண்டிலும் தாழ்ந்த ஒலி ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வந்தால் ஊசி மேலும் கீழும் குதிக்கும், சில இடத்தில் தட்டை விட்டே எழும்பிப் பள்ளம் அறுந்துவிடும். அதனால் தாழ்ந்த ஒலிகளை நடுவில் ஒன்றாக்கி மோனோவாக வெட்டுவோம். 'ஸ்' ஒலி பாடகர் வாயிலிருந்து வரும்போது மென்மையாக இருக்கும், ஊசிக்கு அது கொடுமை. உயர்ந்த ஒலியை ஏற்கெனவே கூட்டியிருக்கிறோம் அல்லவா, ஹெட்டின் சுருள் சூடேறிப் புகைந்தே போகலாம். பெரிய ஸ்டூடியோக்களில் சில ஹெட்டுகளுக்கு ஹீலியம் வாயு செலுத்திக் குளிரவைப்பார்கள். வீட்டில் செய்கிறவர் 'ஸ்' ஒலியை அடக்கி, சத்தத்தையும் குறைத்துக்கொள்வதுதான் வழி.

தட்டின் உட்பகுதி தனிக் கதை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் மாறாது, ஆனால் வெளி ஓரத்தில் ஒரு நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்கு அடியில் ஓடுகிறது, உள்ளே 12 சென்டிமீட்டர் விட்டத்துக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும், அதனால்தான் தட்டின் கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரக்கிறது. பழைய எல்.பி.க்களில் பக்கத்தின் முடிவில் பல நேரம் மெதுவான பாட்டு வருவதற்கு இது ஒரு காரணம். ஆல்பம் வெட்டித்தரக் கேட்டு வருகிற பாட்டுக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன், அமைதியான பாட்டைக் கடைசியில் வையுங்கள் என்று.

எதில் வெட்டுவது என்பதிலும் ஆளுக்கொரு கட்சி. ஸ்டூடியோக்கள் பயன்படுத்துவது லாக்கர் தட்டு, அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. 1930களில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அலுமினியம் போர்த் தேவைக்குப் போய்விட்டதால் கண்ணாடி மேல் பூசி வெட்டியிருக்கிறார்கள். வெட்ட மிகவும் இதமானது, ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் தேய்ந்துவிடும். வெட்டும்போது நூலாக வருகிற அதன் சீவல் எளிதில் தீப்பற்றும், அதனால் உறிஞ்சுகுழாயில் வருவதை நீரில் விழவைக்க வேண்டும். இதைப் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன், வீட்டுக்குள் செய்கிற வேலை இது. பொழுதுபோக்காளர்கள் பலர் பி.வி.சி., பாலிகார்பனேட், பெட்-ஜி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வெட்டுகிறார்கள். சிலர் வெட்டாமல் ஊசியால் அழுத்திப் பதிக்கிறார்கள், அதில் சீவல் வராது, ஒலி கொஞ்சம் சன்னம். பிளாஸ்டிக்கில் வெட்டும்போது வைர ஊசியைச் சுற்றி மெல்லிய நிக்ரோம் கம்பி கட்டிச் சூடாக்குவோம். சூடு குறைந்தால் பள்ளச் சுவர் பிசிராகி இரைச்சல் கேட்கும், கூடினால் உருகி இழுக்கும். சரியான சூட்டைக் காதும் மைக்ராஸ்கோப்பும் சேர்ந்துதான் சொல்லும்.

கையில் கிடைத்த பொருளில் வெட்டுவது புதுப்பழக்கம் கிடையாது. 1940களின் கடைசியில் தொடங்கி பல வருடம் சோவியத் நாட்டில் தடை செய்யப்பட்ட இசையை மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்-ரே படங்களில் வெட்டி ரகசியமாக விற்றார்கள். விலா எலும்புகளும் மண்டை ஓடுகளும் தெரிகிற வட்டத் தட்டுகள். எலும்பு இசை என்றே அதற்குப் பெயர். பிடிபட்டவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். அர்ஜென்டினாவில் 1939-ல் குரலைத் தட்டில் பதிந்து தபாலில் அனுப்பத் தனித் தபால்தலையே வெளியிட்டார்கள். ஜமைக்காவில் பெரிய ஒலிபெருக்கிகள் வைத்து ஆட்டத்துக்குப் பாட்டு போடும் சவுண்ட் சிஸ்டம் நடத்தியவர்கள் தங்கள் மேடைக்கென்றே ஒரே ஒரு பிரதி வெட்டிவைத்துக்கொண்டார்கள், அந்த ஒற்றைத் தட்டுக்காகவே கூட்டம் வந்தது. ஆக, ஒற்றைத் தட்டுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இது வராமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

2020 பிப்ரவரி 6-ம் தேதி கலிபோர்னியாவின் பானிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. ஆட்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் உலகத்தில் லாக்கர் தட்டு செய்துவந்தவை இரண்டே ஆலைகள், அதில் ஒன்று அது. மிஞ்சியது ஜப்பானில் ஒன்று. வெட்டு ஊசிகளும் அப்போலோவிலிருந்து வந்துகொண்டிருந்தன. அந்த வாரம் எங்களுக்குள் நடந்த பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. இனி என்ன செய்வது என்ற பயம் முதலில் வந்தது, பிறகு ஊசியைத் தீட்டத் தெரிந்தவர் யார், வேறு பொருளில் வெட்டிப் பார்த்தவர் யார் என்று ஒருவரையொருவர் தேட ஆரம்பித்தோம். தனக்குத் தெரிந்த ஊசிக் கோணத்தைப் பல வருடம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு மூத்தவர் அன்றைக்குப் படம் வரைந்து அளவோடு எல்லோருக்கும் கொடுத்தார். ஒரு அறிவு இரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் ஒரு தீ போதும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

அதனால் மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022-ல் டீனேஜ் எஞ்சினியரிங் நிறுவனம் ஐந்து அங்குலத் தட்டு வெட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வெளியிட்டது. ஜப்பானிய வடிவமைப்பாளர் யூரி சுசுகி அதற்கு முன்பே வடிவமைத்த பொம்மைக் கருவியைத் தழுவியது. அதை வாங்கிக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். ஒலி சுமார்தான், மோனோதான். அதை வைத்து அறிமுகம் சொல்கிறவரிடம், இது விளையாட்டுச் சாமான், போய் உருப்படியான இயந்திரம் வாங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்கிறார்கள் சிலர். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஊசி தட்டைத் தொடுகிற அந்த முதல் நொடியில், தன் குரலே பள்ளமாக மாறுவதைப் பார்க்கிற பரவசம் அந்தச் சின்னக் கருவியிலும் இருக்கிறது. ஸ்டூடியோக்களுக்கென்று ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் செய்த பெரிய இயந்திரம் வைத்திருப்பவர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், நாளைக்கு அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கப் போகிறவர் இன்றைக்கு அந்தப் பொம்மையோடு வந்து நிற்கிற பையனாகவோ பெண்ணாகவோ இருக்கலாம்.

புதியவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. மன்னிப்பை விட்டுவிடுங்கள். எந்த ஒலியைத் தட்டில் ஏற்ற வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், பேச்சுக்கு ஒரு வழி, தாள வாத்தியத்துக்கு வேறு வழி, அது தெரிந்தால்தான் எங்களால் உதவ முடியும். இயந்திரம் இருந்தால் மோட்டாரிலிருந்து ஊசி வரை என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். தோற்றுப்போன தட்டின் பள்ளத்தை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்துக் காட்டுங்கள், நன்றாக வந்த தட்டைவிட அதில்தான் சொல்ல விஷயம் இருக்கும். பழைய இயந்திரம், பழைய ஹெட் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். நான் முதலில் வாங்கிய ஹெட் நன்றாக ஓடுகிறது என்று சொல்லித்தான் கைக்கு வந்தது, மீட்டர் வைத்துப் பார்த்தால் சுருள் அறுந்திருந்தது. விற்றவர் அதன் பிறகு பதிலே போடவில்லை. சுருளின் மின்தடை மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று படம் கேட்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது, கேட்க ஆளும் தெரியாது. பழைய இயந்திரங்களில் மோட்டாரையும் தட்டையும் இணைக்கிற ரப்பர் சக்கரம் இறுகிப்போய் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், சுற்றுக்குச் சுற்று டொம் டொம் என்று கேட்கும், அதையும் பார்த்து வாங்குங்கள். அடுத்தவர் பாட்டை அனுமதி இல்லாமல் வெட்டி விற்க நினைத்தால் மட்டும் வராதீர்கள், அதற்கு உதவ மாட்டோம்.

உங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய தட்டுகளுக்கு நடுவில், லேபிளில் கையால் எழுதிய தட்டு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நடு ஓட்டையைத் தவிரப் பக்கத்தில் இன்னும் ஓரிரு ஓட்டைகள் இருந்தால், ஓரத்தில் உலோகம் தெரிந்தால், அது ஆலையில் அச்சடித்தது இல்லை, யாரோ நேராக வெட்டிய லாக்கர் தட்டு. உலகத்தில் அதற்கு வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். பழைய கிராமபோனின் கனமான எஃகு ஊசியை அதன் மேல் வைக்காதீர்கள், ஒரே தடவையில் பாழாகிவிடும். வெள்ளையாகப் பூத்திருந்தால் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், பூச்சுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பொருள் வெளியே கசிவதால் வருவது அது. நாளாக ஆகப் பூச்சு சுருங்கி வெடித்து உரியும், அதன்பின் ஒன்றும் செய்ய முடியாது. ஒலிப்பதிவுப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுத்துச் சீக்கிரம் டிஜிட்டலில் ஏற்றிவிடுங்கள். சில தட்டுகள் உள்ளிருந்து வெளியே ஓடும்படி வெட்டியிருப்பார்கள், ஊசியை ஓரத்தில் வைத்ததும் சத்தம் வரவில்லையே என்று வெற்றுத் தட்டாக நினைத்துவிட வேண்டாம்.

அடுத்தவர்களுக்கு இவ்வளவு சொன்ன பிறகு, என் அறிமுகத்தையும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். கனமான டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் மேல் நானே பொருத்திய திருகு தண்டு, பழுது பார்த்த மோனோ ஹெட் ஒன்று, சூடேற்றிய வைர ஊசி, பி.வி.சி. வெற்றுத் தட்டுகள். பேச்சுக் குரல்தான் என் ஆர்வம். வயதானவர்கள் கதை சொல்வதைப் பதிந்து, ஏழு அங்குலத் தட்டில் 45 சுற்று வேகத்தில், பக்கத்துக்கு நான்கு நிமிடம் என்று வெட்டி அவர்கள் வீட்டுக்கே கொடுக்கிறேன். இதுவரை நாற்பதுக்கு மேல் கொடுத்தாயிற்று. என் கேள்வி: வெளி ஓரத்தில் அமைதியாக இருக்கிற பள்ளம் மூன்றாவது நிமிடத்துக்கு மேல் இரைய ஆரம்பிக்கிறது. ஊசிச் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன், சீவல் உறிஞ்சும் குழாயை நகர்த்தியும் பார்த்தாயிற்று, ஊசி புதியது. தட்டு லேசாகக் கிண்ணம்போல வளைந்திருப்பதால் உள்ளே போகப் போக ஊசியின் கோணம் மாறுகிறதோ என்று சந்தேகம். இதைச் சந்தித்தவர்கள் உங்கள் வாசகர்களில் யாராவது இருந்தால், இதே பகுதியில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தட்டு வெட்டும் வாசகர் ஒருவர்